மாருதி இன்ஜினை முதுகுக்குப் பின்னால் மாட்டிய மனிதர்! - கோவை கரிவரதனின் கதை

தை, மாசியில நீங்க சேத்தியாத்தோப்பு பக்கம் வந்திருக்கீங்களா? எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையில அரவை நடக்கிற நேரம். ரோடு பூரா கரும்பு டிராக்டர்தான். டிரெய்லர் கொள்ளாம கரும்பை ஏத்திக்கிட்டு ஒரு டிராக்டர் மேடு ஏறும்போது கொஞ்சம் நின்னு பாருங்க. டிரைவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். புகை கிளம்பும். அடுத்த நொடி, டிராக்டரோட முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டு மேல எழும்பும். வேடிக்கை பார்க்கிற பசங்க விசில் அடிப்பாங்க. டிரைவருக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். முன்சக்கரம் மேல போனா ஸ்டீயரிங் இருந்தும் இல்லாத மாதிரிதானே?

இதுக்கு என்ன காரணம்னு எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. சேத்தியாத்தோப்பில் டூவீலர் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன். பின்சக்கரம் வண்டியை முன்னாடி தள்ளும்போது, வண்டியின் எடை பின்னாடி போய் உட்கார்ந்துக்கும். பின்னாடி எடை கூடக்கூட டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கும், அந்த அளவுக்கு முன்னாடி லேசாகிடும். அண்ணன் பிளஸ் டூ தாண்டாதவர். ஆனா இந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறார்.

போன மாசம் அவர் போன்ல ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் யாரோ ஒருத்தர் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை அறுத்து, சக்கரங்களை இடம் மாற்றி, டிராக் ரேஸ் கார் ஆக்கிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் வேகன்னா பின்பக்கம் நீளமா, கூரை கடைசி வரைக்கும் போகுமே, அந்த வண்டி. நம்ம ஊர்ல இந்த மாதிரி யாராவது செஞ்சிருக்காங்களான்னு அண்ணன் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர், கோயம்புத்தூர் கரிவரதன். அவர் செய்தது அதே வேலை இல்லை. அதைவிட நமக்கு நெருக்கமான ஒரு வேலை.

சக்கரத்தை நகர்த்தினால் என்ன ஆகும்?

கரிவரதன் செய்ததன் அருமை புரியணும்னா, முதல்ல அந்த வீடியோ சமாச்சாரத்தைப் பார்த்துடுவோம்.

டிராக் ரேஸில் வளைவு கிடையாது. நேர் ரோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். பச்சை விளக்கு விழுந்ததும் யார் முதலில் அந்தக் கோட்டைத் தொடுகிறார்களோ அவர்தான் ஜெயித்தவர். இதில் பாதி ரேஸ் கிளம்புகிற முதல் சில நொடிகளிலேயே முடிந்துவிடும். எவ்வளவு பெரிய இன்ஜின் இருந்தாலும் பின் டயர் வழுக்கி அதே இடத்தில் சுற்றினால் வீண்தான். அதனால் எடையைப் பின் டயரின் தலையில் ஏற்றுவதுதான் முதல் வேலை.

இதற்கு 1965-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி ஒரு முரட்டு வழியைக் கையில் எடுத்தது. டாட்ஜ், பிளிமத் கார்கள் சிலவற்றில் பின்சக்கரங்களை 15 அங்குலமும் முன்சக்கரங்களை 10 அங்குலமும் முன்னால் தள்ளிப் பொருத்தினார்கள். பாடி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அடியில் சக்கரங்கள் மட்டும் முன்னால் போய்விட்டன. அப்போ என்ன ஆகும்? வண்டியின் எடையில் பெரும்பகுதி தானாகவே பின்சக்கரத்துக்கு மேல் வந்துவிடும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தைத்தான் வீல் பேஸ் என்கிறோம். அதுவும் 5 அங்குலம் குறைந்துவிட்டது. வீல் பேஸ் குறைந்தால், கிளம்பும்போது பின்னால் போகும் எடை இன்னும் கூடும்.

பார்க்கிறதுக்கு அந்தக் கார்கள் படு விசித்திரமாக இருந்தன. யாரோ தப்பா ஒட்டிவிட்ட பொம்மை மாதிரி. அதனால்தான் ஃபன்னி கார் என்ற பெயரே வந்தது. அங்கே பெரிய டிராக் ரேஸ் அமைப்பு, தன்னுடைய ஃபேக்டரி கார் பிரிவில் இவற்றை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. வேறு அமைப்புகளின் பந்தயங்களிலும், காசு கொடுத்து அழைத்த தனிப் போட்டிகளிலும் இவை ஓடின, கூட்டம் குவிந்தது.

ஸ்டேஷன் வேகன் மேல் டிராக் ரேஸ்காரர்களுக்கு ஆசை வந்ததும் இந்த எடைக் கணக்கால்தான். நீண்ட கூரை, பெரிய கண்ணாடி, பின்கதவு என்று வேகனில் இயல்பாகவே பின்பக்கம் கனம் அதிகம். குடும்பத்தோடு பிக்னிக் போகச் செய்த வண்டி, ரேஸில் மற்ற கார்களைவிட நன்றாகக் கிளம்பியது.

வண்டலூரில் பிறந்த வேகன்

நம்மிடம் வேகன் இல்லையா என்றால், இருந்தது. அதுவும் சென்னைக்காரர்தான்!

1960-களில் இந்தியச் சாலைகளில் மூன்று கார்கள்தான் ராஜா. கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மூன்றாவது நம்ம மெட்ராஸின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலையில்தான் ஹெரால்டு தயாரானது. அதே தொழிற்சாலை ஹெரால்டை வைத்து ஒரு ஸ்டேஷன் வேகனும் செய்தது. பெயர் கம்பேனியன். உங்கள் தாத்தா தலைமுறையில் யாராவது பார்த்திருப்பார்கள், கேட்டுப்பாருங்கள்.

ஹெரால்டில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்துப் புதிய கார்கள் பலவற்றில் பாடியும் சேஸும் ஒன்றாக வெல்டிங் ஆகி வந்தன. ஹெரால்டில் சேஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் மேல்பகுதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், இன்ஜின் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். கையில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சேஸைத் தனியாக எடுத்து, அறுத்து, நீட்டி, குறைத்து, மேலே தனக்குப் பிடித்த கூட்டை மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அறுக்கிறது மட்டும் போதாது. பின்சக்கரத்தை முன்னால் நகர்த்தினால் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தை மாற்றணும். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் குறைத்து, ஆட்டம் இல்லாமல் பேலன்ஸ் பண்ணணும். பிரேக் பைப்பை மறுபடி இழுக்கணும். நாலு சக்கரமும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கணும். ஒரு வெல்டிங் சரியில்லை என்றால், நூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் அது தெரியவரும்.

சரி, இப்படியெல்லாம் கட்டிய வண்டியை எங்கே ஓட்டுவது?

சோழவரம் என்ற திருவிழா

சென்னையிலிருந்து கல்கத்தா போகும் சாலையில் செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். ஏரிக்குப் பெயர் போன ஊர். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, ரோடு மட்டும் மிஞ்சியது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைப் பந்தய மைதானம் ஆக்கிக்கொண்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் சோழவரம் ரேஸ் என்றால் ஒரு திருவிழாதான். இலங்கையிலிருந்துகூட ரேஸ்காரர்கள் வந்து ஓட்டினார்கள். சென்னையில் அப்போது கல்லூரியில் படித்த யாரையாவது கேளுங்கள், ஆளுக்கொரு சோழவரம் கதை வைத்திருப்பார்கள்.

அங்கே வந்த வண்டிகளைப் பார்த்தால் நாட்டின் நிலைமையே தெரிந்துவிடும். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது என்பது அன்று சாதாரணக் காரியம் இல்லை. அப்படிக் கொண்டுவர முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பணக்காரர்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டியது என்சைன் என்ற ஃபார்முலா ஒன் கார். அதே மைதானத்தில் இன்னொரு பக்கம், சொந்தப் பட்டறையில் இருக்கையைப் பிடுங்கி, கதவைக் குறைத்து, கார்பரேட்டரை மாற்றி, ஃபியட்டையும் ஹெரால்டையும் அம்பாசடரையும் தயார் செய்து கொண்டுவந்தவர்கள்.

இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். வண்டி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஜெயிப்பார். திறமை இருந்தும் வண்டி இல்லாதவன் வேலிக்கு வெளியே நின்று விசில் அடிக்கணும். அந்தப் பள்ளத்தைத் தூர்க்கணும் என்று நினைத்த ஒருவர், பள்ளத்தின் வசதியான கரையிலிருந்தே வந்தார். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம்.

யானைக்கு அருளியவன் பெயர்

எஸ்.கரிவரதன். 1954-ல் பிறந்தவர். ரேஸ் உலகத்தில் எல்லோருக்கும் சுருக்கமாக கரி. நெய்வேலிப் பக்கம் கரி என்றால் நமக்கு நிலக்கரிதான் ஞாபகம் வரும். அந்தக் கரி வேற. கரி என்றால் யானை. முதலையிடம் மாட்டிய யானைக்கு ஓடிவந்து அருளிய பெருமாளுக்குத்தான் கரிவரதன் என்று பெயர்.

கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய அந்த மில், கோவையின் அடையாளங்களில் ஒன்று. அவினாசி சாலையில் லட்சுமி மில்ஸ் என்பது இன்றும் ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். பஞ்சு, நூல், மில் என்று போயிருந்தாலே போதும், வாழ்க்கை சுகமாக ஓடியிருக்கும்.

ஆனால் கோவை வெறும் பஞ்சு ஊர் மட்டும் இல்லையே. மில்லுக்கு மெஷின் வேணும், மெஷினுக்கு ஸ்பேர் வேணும், கிணற்றுக்கு மோட்டார் பம்ப் வேணும். அதற்காகவே ஊரெங்கும் ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் பைக்கை ஆசைப்பட்டு வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பார்த்த ஜி.டி.நாயுடுவின் ஊர் அது. வார்ப்பு ஊற்றவும், கடைசல் பிடிக்கவும், ஒரு நட்டு இல்லை என்றால் அதை இங்கேயே செய்துகொள்ளவும் தெரிந்த கைகள் அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். கரிவரதனின் ரேஸ் கார்கள் பிறந்தது இந்த மண்ணில்தான்.

அவர் முதலில் ஓட்டுநர். சோழவரத்தில் ஓட்டியவர், வேகத்தின் ருசி தெரிந்தவர். நல்ல வெளிநாட்டு வண்டியை வாங்கி ஓட்டும் வசதியும் இருந்தது. ஆனால் ஓட்டுவதோடு அவருடைய ஆசை நிற்கவில்லை. வண்டியைக் கட்டவேண்டும் என்ற பைத்தியம் பிடித்துக்கொண்டது. தனக்கு ஒரு வண்டி கட்டிக்கொள்பவர்கள் நிறைய பேர் உண்டு. மற்றவர்கள் ஓட்டுவதற்காகக் கட்டுபவர்கள் அபூர்வம். கரி அந்த அபூர்வ ஜாதி.

மாருதி கொடுத்த யோசனை

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இந்தியக் குடும்பங்களின் வாழ்க்கையை அது எப்படி மாற்றியது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ரேஸ் உலகத்தை அது மாற்றிய கதை அவ்வளவாக வெளியே தெரியாது.

மாருதியில் இருந்தது 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். சுமார் 40 குதிரைத்திறன்கூட இல்லை. இதை வைத்து ரேஸா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் ஒளிந்திருந்தது. அம்பாசடரிலும் ஹெரால்டிலும் இன்ஜின் முன்னால் இருக்கும், சுற்றும் சக்தி நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகும். மாருதியில் அந்தச் சமாச்சாரமே இல்லை. இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே மூட்டையாக முன்பக்கம் குறுக்குவாக்கில் உட்கார்ந்து, நேராக முன்சக்கரங்களைச் சுற்றியது.

ஒரே மூட்டை என்றால், அதை அப்படியே கழற்றித் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம் அல்லவா?

அதைத்தான் செய்தார்கள். மாருதியின் பாடியை மறந்துவிட்டு, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கூண்டு போல ஒரு சட்டம். நடுவில் ஒரே ஒரு ஆள் உட்கார இடம். அவருடைய முதுகுக்குப் பின்னால் மாருதியின் இன்ஜின் மூட்டை. முன்சக்கரங்களைச் சுற்றிக்கொண்டிருந்த இன்ஜின் இப்போது பின்சக்கரங்களைச் சுற்றியது. மேலே கண்ணாடி இழையில் செய்த மெல்லிய கூடு. நாலு சக்கரமும் மட்கார்டு இல்லாமல் வெளியே தெரியும். 1980-களின் இறுதியில் வந்த அந்தக் காருக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர்.

இப்போ அந்த அமெரிக்க ஃபன்னி காரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அவர்கள் எடையை விட்டுவிட்டுச் சக்கரத்தை நகர்த்தினார்கள். கோவையில் எடையையே தூக்கிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தள்ளுகிற சக்கரத்தின் மேல் கனம் உட்காரணும் என்ற பாடம் ரெண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஃபார்முலா மாருதி வளைந்து வளைந்து ஓட வேண்டிய கார். டிராக் கார் மாதிரி மூக்கைத் தூக்கிவிட்டால் வளைவில் திரும்பாது. அதனால் ஓட்டுநரை நடுவில், தரையோடு தரையாகச் சாய்த்து உட்காரவைத்து முன்பக்கத்தையும் சமன் செய்யணும். சின்ன இன்ஜின் என்ற குறையைக் குறைந்த எடை ஈடுகட்டிவிடும். கதவு இல்லை, கூரை இல்லை, பின்சீட் இல்லை. இழுக்கவேண்டிய சுமை குறைந்தால் 800 சி.சி.யும் பறக்கத்தான் செய்யும்.

இது உலகத்தில் யாருமே யோசிக்காத யோசனை இல்லை. போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற அப்பாவும் மகனும், ரெண்டு பழைய ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பாகங்களை முதுகோடு முதுகாக ஒட்டி, பின்னால் ஒரு மோட்டார் பைக் இன்ஜினை மாட்டி ரேஸ் கார் செய்தார்கள். அந்தக் கம்பெனியின் கார்தான் 1959-ல் ஜாக் பிரபாமுக்கு உலக சாம்பியன் பட்டத்தை வாங்கிக்கொடுத்தது. அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன்னில் எல்லோருமே இன்ஜினைப் பின்னால் கொண்டுபோனார்கள். கையில் கிடைக்கிற சாதாரணக் காரின் பாகங்களை வைத்து ரேஸ் கார் செய்வது ஒரு பழைய, மரியாதையான வழி. அந்த வழியைக் கரி இந்தியாவுக்கு ஏற்ற மாதிரி போட்டுக்கொடுத்தார்.

எல்லோருக்கும் ஒரே வண்டி

ஃபார்முலா மாருதியின் பெரிய வெற்றி அதன் வேகம் இல்லை. அது ஒன்று ரெண்டு என்று இல்லாமல் வரிசையாகக் கட்டப்பட்டது என்பதுதான்.

யோசிச்சுப் பாருங்க. இன்ஜின் கெட்டுப்போனால் ஸ்பேர் பார்ட்ஸுக்காக லண்டனுக்குக் கடிதம் எழுதவேண்டாம், பக்கத்து மாருதி கடைக்குப் போனால் போதும். கியர் பாக்ஸை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். எல்லாரிடமும் ஒரே இன்ஜின், ஒரே மாதிரி சட்டம் என்றால் யாருடைய அப்பாவிடம் காசு அதிகம் என்பது முன்பு மாதிரி ரேஸைத் தீர்மானிக்காது. பிரேக்கை எவ்வளவு தாமதமாக அழுத்துகிறாய், வளைவில் எந்தக் கோட்டைப் பிடிக்கிறாய் என்பதுதான் தீர்மானிக்கும். அதாவது, ஓட்டுபவனின் திறமை முதல்முறையாகத் தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

தனக்குப் போட்டியாக வரக்கூடியவர்களுக்கும் வண்டி கட்டிக்கொடுத்து, இளம் ஓட்டுநர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தவர் கரிவரதன். சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற அவருடைய பட்டறையின் பெயர் இந்திய ரேஸ் வட்டாரத்தில் பிரபலமானது.

நேரமும் கூடிவந்தது. சோழவரத்தின் இடத்தை, ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் கிளப் கட்டிய புதிய மைதானம் எடுத்துக்கொண்டது. விமானத்துக்குப் போட்ட ரோட்டில் ஓடியவர்கள், ரேஸுக்கென்றே வளைத்துப் போட்ட ரோட்டில் ஓடத் தொடங்கினார்கள். அங்கே ஃபார்முலா மாருதியில் ஏறிய பையன்களில் ஒருவர் கோவையில் வளர்ந்தவர். ரேலி சாம்பியன் ஜி.ஆர்.கார்த்திகேயனின் மகன். முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினார். பெயர் நரேன் கார்த்திகேயன்.

அங்கிருந்து பிரான்ஸில் ரேஸ் பள்ளி, பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு, 1996-ல் ஃபார்முலா ஏசியா சாம்பியன் என்று படிப்படியாக ஏறிய நரேன், 2005-ல் ஜோர்டன் அணியின் காரில் உட்கார்ந்தபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரீயில் நாலாவது இடம். கடைசியில் ஆறே கார்கள் ஓடிய விசித்திரமான பந்தயம்தான் அது. ஆனாலும் ஓர் இந்தியரின் பெயருக்கு நேராக ஃபார்முலா ஒன் புள்ளிகள் முதன்முதலாக எழுதப்பட்டது அன்றுதான்.

மாருதி 800-ன் இன்ஜினிலிருந்து ஃபார்முலா ஒன் வரைக்கும் ஒரு ஏணி போட முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அந்த நாளைப் பார்க்கக் கரிவரதன் இல்லை.

41 வயது

1995 ஆகஸ்ட் மாதம். ரேஸ் காரில் அவருக்கு எதுவும் ஆகவில்லை. விமான விபத்து ஒன்றில் கரிவரதன் இறந்துபோனார். வயது 41தான். நரேன் ஃபார்முலா ஏசியா பட்டம் வாங்க இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஃபார்முலா ஒன்னுக்குப் பத்து வருஷம்.

ஒரு மனிதரைச் சுற்றியே ஓடிய காரியங்கள், அவர் போனதும் நின்றுபோவதை நாம் நிறைய பார்த்திருக்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. கோவையின் எல்.ஜி.பி. நிறுவனத்தைச் சேர்ந்த பி.விஜயகுமார் அந்த வேலையைத் தொடர்ந்தார். மாருதிக்குப் பிறகு ஃபார்முலா எல்.ஜி.பி. என்ற பெயரில் அடுத்த தலைமுறைக் கார்கள் கோவையிலிருந்து வந்தன. யோசனை அதேதான். இந்தியச் சாலையில் ஓடும் சாதாரணக் காரின் இன்ஜின், முதுகுக்குப் பின்னால்.

கோவைக்குத் தென்கிழக்கே செட்டிபாளையத்தில், 2000-களின் தொடக்கத்தில் ஒரு ரேஸ் மைதானமும் எழுந்தது. சுற்று சுமார் ரெண்டு கிலோமீட்டர். பெயர், கரி மோட்டார் ஸ்பீட்வே. இன்று தேசிய சாம்பியன்ஷிப் பந்தயங்கள் நடக்கும் இடம். விவரம் தெரியாமல் போகிறவர்கள் கரி என்றால் ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணனின் கால்

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு அக்கறையாகத் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா மகனுக்கு இடது கால் கொஞ்சம் விந்தும். பத்தொன்பது வயதில், ராத்திரி பதினொரு மணிக்கு, நண்பன் ஒருவனோடு பைக்கில் பந்தயம் விட்டார். நேர் ரோடு, காலியான ரோடு. அவரே கழற்றி மாட்டிய பைக், கிளம்பும்போது முன்சக்கரம் தூக்கும் அளவுக்குத் தயார் செய்திருந்தார். அன்றைக்கும் தூக்கியது. இறங்கும்போது ரோட்டில் ஒரு நாய் நின்றிருந்தது. தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். பெரியம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். எட்டு மாசம் படுக்கை.

அண்ணனிடம் திறமை இல்லாமல் இல்லை. காதால் கேட்டே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான். இதற்கென்று ஒரு மைதானம் இருக்கிறது, ஹெல்மெட்டும் விதிமுறையும் ஆம்புலன்ஸும் வைத்துக்கொண்டு இதையே முறையாகச் செய்கிறார்கள், அதுவும் நம்ம மாநிலத்திலேயே ரெண்டு இடத்தில் என்பது சேத்தியாத்தோப்பில் யாருக்கும் தெரியவில்லை. இன்றும் நெடுஞ்சாலையில் ராத்திரி பைக் பந்தயம் விடும் பசங்களைப் பார்க்கும்போது எனக்குப் பெரியம்மாவின் வெறும் கழுத்துதான் ஞாபகம் வரும்.

அதனால் உங்கள் வீட்டில் ஒரு வேகப் பைத்தியம் இருந்தால், திட்டித் தீர்க்காதீர்கள். திட்டினால் வேகம் குறையாது, இன்னும் கொஞ்சம் லேட்டாக, இன்னும் கொஞ்சம் இருட்டில் ஓட்டுவார்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ ரேஸ் நடக்கும்போது ஒருதடவை கூட்டிக்கொண்டு போங்கள். போட்டியில் ஓட்டணும் என்றால் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு தரும் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பயிற்சி வகுப்புகள் உண்டு. இன்றைக்கும் இது செலவு பிடித்த விளையாட்டுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுவது மட்டுமே ரேஸ் இல்லை. ஒவ்வொரு ரேஸ் காருக்குப் பின்னாலும் மெக்கானிக், வெல்டர், டயர் பார்ப்பவர் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. காதால் கேட்டே கோளாறு சொல்லும் பையனுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கிறது.

கரிவரதன் கதையை அண்ணனிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்தால் ஓட்டுகிறவனுக்குச் சூடு தாங்குமா, ரேடியேட்டரை எங்கே வைத்தார்கள், கியர் லீவர் எவ்வளவு நீளம் என்று வரிசையாகக் கேள்வி. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ரேஸுக்குச் செட்டிபாளையம் போவது என்று முடிவாகியிருக்கிறது. அவரே நேரில் குனிந்து பார்த்துக்கொள்வார்.

வெளியே ஒரு கரும்பு டிராக்டர் மேடு ஏறிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. அண்ணன் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.